வெளியே வைத்த சோறு

போய் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் நடக்கிற விளக்கு பூஜைக்கு வருகிற பெண்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வியட்நாம்ல இன்னா பாத்தீங்க? நாங்க போனா எதப் பாக்கலாம், எத வுட்டுடலாம்?" வழிகாட்டிப் பெண் எங்களுக்குக் கொடுத்த காகிதத்தில் பதினோரு இடங்கள் இருந்தன. அவற்றில் நாங்கள் நின்று பார்த்தது மூன்றோ நாலோதான். காகிதத்தில் இல்லாத ஓர் இடத்துக்கும் போனோம். அதைப் பற்றி வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமனார் அருணாசலம், பாண்டிச்சேரி முதலியார்பேட்டைக்காரர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரிலிருந்து வியட்நாமில் இருக்கிற சைகோனுக்குப் போனவர்கள் நிறைய. பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு. இவர் போனது காரைக்கால்காரர் ஒருவருடைய துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுக்க. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். கடைசியாக வந்து போனபோது என் வீட்டுக்காரருக்கு ஏழு வயது. அங்கே சண்டை முற்றியதும் கடிதம் நின்றது. மனிதரும் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

மாமியார் கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்று ஐயர் சொன்னதற்கு, "உயிரோட இருக்கறவருக்குத் தண்ணி விட்டா அவரு ஆயுசு கொறையும். எம்புள்ள அத செய்ய மாட்டான்" என்று முடித்துவிட்டார். போன தை மாதம் மஞ்சளும் பூவுமாக, சுமங்கலியாகத்தான் வழியனுப்பினோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அப்பா இருக்கிறவன் அமாவாசைக்குத் தர்ப்பணம் விடக்கூடாது. அப்பா இருக்கிறாரா என்பதே தெரியாது. இருந்தால் தொண்ணூற்று நாலு வயது. இந்த ஆடி அமாவாசைக்குத் திருக்காஞ்சி ஆற்றங்கரையில் ஊரே எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருக்க, அறுபத்து மூன்று வயதான என் வீட்டுக்காரர் அண்டை வீட்டார் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். தாய்க்கும் விட முடியவில்லை, தகப்பனுக்கும் விட முடியவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. பெங்களூரில் இருக்கிற எங்கள் மகன், "ஆடியில டிக்கெட் மலிவும்மா, ஒரு குரூப்போட போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தான். அவனுக்கு அது உல்லாசப் பயணம். நான் பெட்டியில் புளிக்காய்ச்சல் பாட்டிலுக்குப் பக்கத்தில் மாமனாருடைய கடைசி நீலக் கடிதத்தை வைத்தேன்.

முதல் நாளே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சைகோனில் பஸ்ஸை விட்டு இறங்கினால், மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, பச்சை மரச் சன்னல், நேர் நேராக ஓடும் தெரு. எல்லாம் நம்ம கடற்கரைப் பக்கத்துத் தெருக்கள் மாதிரியே. எங்கள் ஊர் ஆட்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு அதே வீடுகளில் வேறு ஆட்களைக் குடிவைத்தது போல இருந்தது. என் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் நடந்தார். "இப்படிப் போனா சர்ச்சு வரும், லெஃப்ட்ல மார்க்கெட்டு" என்றார். சர்ச்சும் வந்தது, சற்று நடந்ததும் மார்க்கெட்டும் வந்தது. "எப்பிடிங்க தெரியும்?" என்றேன். "காலு போவுது, நான் போறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்க்கெட் நம்ம பெரிய மார்க்கெட் மாதிரிதான், மீன் நாற்றம் வரைக்கும். ஆனால் கூச்சல் இல்லை. அந்த ஊரில் ஸ்கூட்டர்தான் கத்துகிறது, மனிதர்கள் கத்துவதில்லை. ரோட்டைத் தாண்டுவதற்கு நாங்கள் கால் மணி நேரம் நின்றோம். ஒரு கிழவர் என் கையைப் பிடித்து வண்டிகளுக்கு நடுவே அழைத்துப் போய் அந்தப் பக்கம் விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

சாப்பாடு கஷ்டம்தான். எதிலும் மாமிசம் மிதக்கிறது. நடைபாதையில் குட்டி குட்டியாகப் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஹோவா என்ற எங்கள் வழிகாட்டிப் பெண், என் வீட்டுக்காரருடைய போனில் மொழிபெயர்க்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் பேசுவதை அது தமிழிலும், நாம் பேசுவதை அவர்கள் பாஷையிலும் சொல்லும். ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு பெண் குரல். "இதில் பன்றி இல்லை. இதில் பன்றியின் நண்பர் மட்டும்" என்று ஒரு கடையில் அது சொன்னதும் எங்கள் கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வெறும் சோற்றில் புளிக்காய்ச்சலைப் பிசைந்துகொண்டேன்.

தெருவெல்லாம் ஊதுபத்திப் புகை. ஒவ்வொரு கடை வாசலிலும் தரையோடு தரையாகச் சின்ன மாடம், அதில் ஆரஞ்சுப் பழம், காப்பி, பற்றவைத்த சிகரெட். "சாமிக்கு சிகரெட்டா?" என்று போனை நீட்டி ஹோவாவைக் கேட்டேன். "செத்தவர்களுக்கு" என்றாள். இந்த மாதம் அவர்களுடைய ஏழாம் மாதமாம். ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடுவார்களாம். நமக்கு ஆடி, அவர்களுக்கு இது. எதற்கும் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

இரண்டாம் நாள் ஆற்றில் படகு. பெருமழை பிடித்துக்கொண்டது, பஸ் சேற்றில் மாட்டியது, ஆளுக்கொரு செருப்பைத் தொலைத்துவிட்டு ஓட்டலுக்கு வந்தோம். போகிறவர்கள் படகைத் தாராளமாக விட்டுவிடலாம், நம்ம ஊர்ச் சுண்ணாம்பாற்றுப் படகே போதும்.

மூன்றாம் நாள்தான் முடிவெடுக்க வேண்டிய நாள். சண்டைக் காலத்துச் சுரங்கமா, பொருட்காட்சி சாலையா, கடைத்தெருவா, அவரவர் இஷ்டம் என்றாள் ஹோவா. நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "இங்க மாரியம்மன் கோயில் இருக்காமே, நாங்க அங்க போறோம்" என்றேன்.

எங்களோடு வந்த உழவர்கரை ராஜேந்திரன் சார் விடவில்லை. மின்சார இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். "கொழுந்து அண்ணே, உங்க வீட்டம்மா ஏரோப்ளேன் ஏறி வந்து மாரியாத்தாவ கேக்கறாங்களே! முதலியார்பேட்டைல இருக்கற ஆத்தா இன்னா பாவம் பண்ணா?"

"அவ கிட்ட கேட்டுட்டுத்தான் சார் வந்தோம்" என்றேன் நான்.

"சுரங்கம் ஒலகப் பேமஸும்மா. உள்ள தவழ்ந்து தவழ்ந்து போவலாம்."

"உசுருக்குப் பயந்து மனுசன் ஒளிஞ்ச பொந்து. அத டிக்கெட்டு வாங்கிப் போய்ப் பாக்கணுமா சார்?" என்றார் என் வீட்டுக்காரர். சிவக்கொழுந்து என்பது அவர் பேர். அதிகம் பேசாதவர். அன்று குளித்து வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

ஆளுக்கொரு ஸ்கூட்டர் டாக்சி. எனக்கு வந்தவள் பெண்பிள்ளை, மெதுவாக ஓட்டினாள். அவருக்கு வந்தவன் பறந்தான். வேட்டி கொடி மாதிரி பறக்க, ஒரு கையால் அதையும் ஒரு கையால் ஓட்டுகிறவன் இடுப்பையும் பிடித்துக்கொண்டு அவர் போன கோலத்தைத் தெருவே பார்த்தது.

கோயிலுக்குள் கால் வைத்ததும் நம் கோயில் வாசனை. எண்ணெய், மல்லிகை, கற்பூரம். ஆனால் ஆட்களில் ஒருவர்கூட நம்மவர் இல்லை. எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். கருவறைக்குப் பின்சுவரில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நெற்றியைக் கல்லில் ஒட்டி, இரண்டு கையையும் சுவரில் விரித்து, வாயைக் கல்லோடு வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள்ளே யாரோ இருந்து பதில் சொல்வது போல நடுநடுவே நிறுத்திக் கேட்கிறார்கள், தலையாட்டுகிறார்கள். நான் ஓர் அடி பின்னால் போனேன். ஆனால் அம்மா நம்ம அம்மாதானே. நானும் நெற்றியை வைத்தேன். கல் ஐஸாக இருந்தது. "தாயே, மாமனார் இருக்காரா இல்லையா, ஒரு வார்த்த சொல்லு. எம்புருசன் ஆத்தங்கரைல துண்டு புடிச்சிகினு நிக்கறத என்னால பாக்க முடியல" என்றேன்.

வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிற கிழவரிடம் நீலக் கடிதத்தைக் காட்டினோம். பின்பக்கம் மாமனார் எழுதிய முகவரி, பிரெஞ்சில் தெருப் பேர். அந்தப் பேர்களை எல்லாம் எப்போதோ மாற்றிவிட்டார்களாம். கிழவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத்தாளில் புதுப் பேரை எழுதி, நாலு விரலைக் காட்டினார். நாலு தெரு தள்ளி.

நடந்தோம். உச்சி வேளை. அவ்வளவு ஸ்கூட்டர் ஓடுகிற ஊரில் அந்தச் சந்தில் ஒன்றும் ஓடவில்லை. வீடுகள் மஞ்சள் உதிர்ந்து, சன்னல்கள் சாத்தி. வாசல்களில் தகர டப்பாக்களில் காகிதம் எரிந்துகொண்டிருந்தது. தரையெங்கும் அரிசியும் உப்பும் இறைத்துக் கிடந்தது. காலில் நறநறவென்றது. எண்களைப் பார்த்துக்கொண்டே போனபோது அவர் நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. சர்க்கரைக்காரர். என் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும், அன்று பார்த்து ஓட்டலில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எதிரே ஒரு வாசலில் குட்டி மேசை, அதன் முன்னால் அதே பிளாஸ்டிக் ஸ்டூல். மேசையில் கஞ்சி, பொரி, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்புத் துண்டு. ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகியிருந்தது. நம்ம ஊரில் காலையில் கடை திறந்ததும் பழத்தில்தானே ஊதுபத்தி செருகுவோம். சாப்பாட்டுக் கடைதான், பூஜை போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கிழங்கை எடுத்துக் கடித்தார். கஞ்சியைக் குடித்தார். "ஏங்க, கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று நான் சொல்லும்போது கதவு திறந்தது.

எண்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வற்றிப்போன உடம்பு. கையில் அரிசிக் கிண்ணம். வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கிண்ணம் கீழே விழுந்து, அரிசி படியெல்லாம் சிதறியது. கத்துவார், விரட்டுவார் என்று நினைத்தேன். இல்லை. மெல்ல வந்து, கோபித்துக்கொள்கிற பெண்சாதி மாதிரி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் பதறிப்போய் போனை நீட்டினார். அந்த உயிரில்லாத குரல் பேசியது.

"அது யாரும் இல்லாதவர்களுக்கு வைத்தது. உங்களுக்கு உள்ளே வைத்திருக்கிறேன். ஏன் வெளியே சாப்பிடுகிறீர்கள்?"

அவர் கையிலிருந்த கிழங்கு நழுவியது. மறுபடி அந்த அம்மா சொன்னார். மறுபடி போன் சொன்னது. "இத்தனை வருடம் வந்தீர்கள். இன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறீர்கள். வயதாகிவிட்டது உங்களுக்கும்."

அதற்குள் அந்த அம்மாவின் கை என் வீட்டுக்காரருடைய முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது. நெற்றியை, விபூதியை, காதை. உயிருள்ள உடம்பின் சூடு தட்டியிருக்க வேண்டும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, இரண்டு அடி பின்னால் போனார். அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் பயந்திருந்தது நான் மட்டும்தான்.

"மகன்" என்று போனுக்குள் சொன்னார் என் வீட்டுக்காரர். "பாண்டிச்சேரி. அருணாசலம் மகன்."

உள்ளே போகும்போதுதான் கதவு மேல் எண்ணைப் பார்த்தேன், கடிதத்தில் இருந்த அதே எண். உள்ளே இருட்டு. சுவரோரம் உயரமான பலகையில் படம். மேல்துண்டும் விபூதியுமாக, என் வீட்டுக்காரரே உட்கார்ந்திருப்பது போல மாமனார். வீட்டில் எங்களிடம் இருப்பது மீசை அரும்பிய வயதுப் படம். இது நரைத்த முகம். முன்னால் ஆவி பறக்கிற சோறு, ஒரு கிண்ணத்தில் குழம்பு. முகர்ந்து பார்த்தேன். நம்ம வீட்டுப் புளிக்குழம்பு, ஏதோ ஒரு புல்வாசனை கூடுதலாக.

போனை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். பேர் லீன் என்றார். மாமனாருக்கு இங்கே இவர் மனைவி. குழந்தை இல்லை. சண்டை முடிந்ததும் நம்மவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். "அவருக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அவர் போகவில்லை" என்றது போன். மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாராம். கடிதம் எழுத இவருக்குத் தமிழ் தெரியாது, முகவரியும் தெரியாது. ஆனால் சோறு வைக்கத் தவறியதில்லை.

என் மாமியார் நெற்றிப் பொட்டு என் கண்ணுக்குள் வந்து நின்றது. அவ்வளவு வருஷமும். நல்லவேளை, தெரியாமல் போனார். இல்லை, அது நல்லவேளையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒன்றுதான் கேட்டார். "என்னப் பத்தி எதுனா சொல்லுவாரா?"

அந்த அம்மா எழுந்து பலகையைக் காட்டினார். சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், முட்டை அளவுக்கு இன்னொரு சின்னக் கிண்ணம் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அதில் ஒரு கவளம் சோறு, மேலே குழம்பு.

"சாப்பிடும்போது ஒரு கவளத்தைத் தட்டின் ஓரம் ஒதுக்குவார். இது கொழுந்துக்கு என்பார். அவர் போன பிறகு நான் வைக்கிறேன். சண்டையில் எல்லாருடைய பிள்ளைகளும் போய்விட்டார்கள். நீங்களும் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்."

உயிரோடு இருக்கிற என் புருஷனுக்கு, நாற்பது வருஷத்துக்கும் மேலாக, செத்தவர்களோடு சோறு! உயிரோடு இருக்கிறவருக்குக் காரியம் செய்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் சொன்ன குரல் காதில் கேட்டது. சர்க்கரை, போன வருஷ ஆபரேஷன் எல்லாம் கண் முன்னால் வரிசை கட்டின. "ஏங்க, எடுக்கச் சொல்லுங்க அத! இப்பவே எடுக்கச் சொல்லுங்க! அபசகுனம்!" என்று கத்தியே விட்டேன்.

அவர் எழுந்தார். அந்தச் சின்னக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

"தொடாதீங்க!"

"எம்பங்குடி இது" என்றார். "எங்கப்பா எனக்கு ஒதுக்குனது."

நின்றபடியே ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார். மென்றார். கண்ணிலிருந்து கரகரவென்று வழிந்தது. வெற்றுக் கிண்ணத்தை அந்த அம்மாவிடம் நீட்டி, "இனிமே எனக்கு வெக்காதீங்கம்மா. நான் இருக்கேன்" என்றார். போன் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கழுவி, பலகையில் வைக்காமல், அடுப்படியில் சாப்பிடுகிற கிண்ணங்களோடு கவிழ்த்தார். நான் அந்த அம்மா காலில் விழுந்தேன். எதற்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டுக் காப்பிக்கடைப் பெண்ணுடைய போனில் எங்கள் நம்பரைப் போட்டுவிட்டு வந்தோம். அந்த அம்மாவுக்கு வேறு யாரும் இல்லை. சாயங்காலம் சுரங்கத்திலிருந்து முழங்கால் சிராய்ப்போடு வந்த ராஜேந்திரன் சார், "இன்னா அண்ணே, ஆத்தா இன்னா சொன்னா?" என்றார். "சாப்பிடச் சொன்னா சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

மகாளய அமாவாசை அன்று திருக்காஞ்சியில் நல்ல கூட்டம். இந்தத் தடவை அவர் யார் துண்டையும் பிடிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தார். ஐயர் அப்பா பேர் கேட்டார். "அருணாசலம்" என்றார். முதல் தடவையாக அந்தப் பேருக்கு அவர் கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் இறங்கியது. அடுத்தது அவர் அம்மாவுக்கு. மூன்று தடவை, மூன்று தடவை. கரையில் நின்ற எனக்குக் கண் மறைத்தது.

"தாயார் வர்க்கத்துல வேற யாராச்சும் உண்டா?" என்றார் ஐயர், அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே.

"இன்னொரு அம்மா இருக்காங்க சாமி, சைகோன்ல" என்றார் இவர். "எங்கப்பாவுக்கு இன்னிக்கும் சோறு பொங்கி வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு இப்ப வேணாம்."

ஐயர் எள்ளுக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.